தூரக் கிழக்கு யாருக்குத் தூரம்

பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளன் என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். யுத்த காலத்தில் மதுரை மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் மேசை. அச்சு மை வாடையிலேயே சாப்பிட்டு, அச்சு மை வாடையிலேயே தும்மி, தந்தியில் வருகிற இங்கிலீஷைத் தமிழாக்குவதுதான் வேலை. நான்கு பக்கப் பத்திரிகை. காகிதத் தட்டுப்பாடு வந்த பிறகு அதுவும் இரண்டு பக்கமாக இளைத்துப்போயிற்று. ஆசிரியர் ஒருவர், நான் ஒருவன், அச்சுக் கோர்ப்பவர் ஒருவர். அச்சுக் கோர்ப்பவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மதுரையில் அதற்கெல்லாம் வயசுக் கணக்குக் கிடையாது.

எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் போட்டுவிட்டேன் என்றால் ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. அப்படி ஒரு திமிர். அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

யுத்தம் வருவதற்கு முன்னால் கடல்களைப் பற்றி எங்கள் பத்திரிகைக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. மதுரையில் கடல் ஏது? ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து பார்த்தால், தந்தி முழுக்கக் கடலாகவே வந்து கொட்ட ஆரம்பித்தது. பசிபிக் என்று வந்ததை நான் பசிபிக் என்றே போட்டேன். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "பசிபிக்னா சாந்தம்னு அர்த்தம்யா. சாந்த சமுத்திரம்னு போடு. தமிழ்ப் பத்திரிகை நடத்துறோமா, தபால் பெட்டி நடத்துறோமா?" என்றார். சரி, ஆசிரியர் ஆயிற்றே என்று ஒரு வாரம் விட்டுக்கொடுத்தேன். "சாந்த சமுத்திரத்தில் உக்கிர யுத்தம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தது. அச்சுக் கோர்ப்பவர் காப்பிக் கிளப்புக்குப் போய்விட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி வந்தார்.

"அங்க ஒருத்தர் கேக்குறாருண்ணே. சாந்தமா இருக்கும்போதே இம்புட்டு அடின்னா, அதுக்குக் கோவம் வந்தா என்னாகும்னு."

மறுநாளே பசிபிக் திரும்பி வந்துவிட்டது. 

இந்து மகா சமுத்திரத்திலும் ஒரு வில்லங்கம் இருந்தது. எங்கள் சந்து முனையில் அத்தர் கடை வைத்திருந்த பாய் ஒருநாள் என்னை மறித்து, "ஏண்ணே, நாங்க ஹஜ்ஜுக்குப் போறதும் உங்க இந்துக் கடல்லதானா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அது மதத்தின் பெயர் இல்லை, சிந்து நதியின் பெயர், அதிலிருந்துதான் இந்து, இந்தியா எல்லாம் வந்தது என்று பத்து நிமிஷம் நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப ஒரு ஆத்துப் பேரைத்தான் கடலுக்கு வச்சிருக்காகன்னு சொல்றீக. நல்ல வேளைண்ணே, வைகை பேரை வைக்கல. வச்சிருந்தா கடலும் வத்தியிருக்கும்" என்றார். நான் நடையைக் கட்டினேன்.

இப்படி ஒவ்வொரு சொல்லிலும் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு சொல்லில் மட்டும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இங்கிலீஷ் தந்தியில் 'ஃபார் ஈஸ்ட்' என்று வரும். மலாய், சிங்கப்பூர், ஜாவா, சீனா, ஜப்பான், அந்தப் பக்கத்துக் கடல், தீவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். நான் அதற்குத் 'தூரக் கிழக்கு' என்று போட்டேன். சொல்லிப் பாருங்கள், காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆசிரியரே "பரவால்லய்யா" என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை என்று வருவதே அபூர்வம். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் சர்க்காரிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட ஊர்களில் சிக்கியிருக்கிற நம் ஆட்களுக்கு இங்கேயிருந்து குடும்பத்தார் ஒரு சேதி அனுப்பலாம். அதற்கு ஒரு பாரம், அதாவது அச்சடித்த விண்ணப்பத் தாள், உண்டு. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது. அதுவும் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்க வேண்டும். தணிக்கை பண்ணிப் பல நாடு சுற்றி அங்கே போய்ச் சேரும். பதிலும் அதே போலச் சுற்றி வரும். மதுரையிலேயே ஒரு சர்க்கார் அலுவலகத்தில் இதற்கென்று தனி மேசை போட்டிருந்தார்கள். நான் அதை வரி பிசகாமல் மொழிபெயர்த்தேன்: "தூரக் கிழக்கிலும் பசிபிக் சமுத்திரப் பிரதேசத்திலும் உள்ளவர்களின் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம்." ஒரு பிழை கிடையாது. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு மாசம் கழித்து ஒரு மத்தியானம், விளாங்குடியிலிருந்து ஓர் அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். வெயிலில் நடந்தே வந்திருக்கிறார், முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் எங்கள் பழைய பத்திரிகை ஒன்று நாலாக மடித்தபடி இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, தூரக் கிழக்குக்காரவுகளுக்கெல்லாம் காயிதம் போட வழி பண்ணிட்டீக. கிட்டக் கிழக்குக்கு எப்பப் போடுவீக?"

எனக்கு விளங்கவில்லை. "கிட்டக் கிழக்குன்னா எதும்மா?"

"பினாங்கு. எங்க வீட்டுக்காரக அங்க ஜவுளிக் கடையில இருக்காக. சேதி வந்து ஒன்றரை வருசமாச்சு. இருக்காகளா இல்லையான்னே தெரியல."  சொல்லிக்கொண்டே அந்தப் பத்திரிகையை மேலும் இரண்டு மடிப்பு மடித்தார்.

"பினாங்கு தூரக் கிழக்குதாம்மா!" என்றேன்.

"அது எப்பிடிண்ணே தூரம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். "நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினா எட்டாம் நாள் காலைல இறங்கிறலாம். அவுக மூணு தடவ போய்ட்டு வந்துட்டாக. எங்க மாமனாரு காசிக்குப் போனாரு பாருங்க, அதுதான் தூரம். வந்து சேர மூணு மாசமாச்சு. பினாங்கு அக்கரைதானே? இந்தக் கரை, அந்தக் கரை. தூரக் கிழக்குன்னா சப்பான், சீனாவுன்னு நெனச்சேன். நமக்கு அங்க யாரு இருக்கா?"

அச்சுக் கோர்ப்பவர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் கை அசையாமல் நின்றுவிட்டார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தப்பு என் பேரில் இருக்கிறது என்று தெரிந்தால் உடனே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். சுவரில் தொங்கிய தேசப்படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "கிட்டக் கிழக்குன்னும் ஒண்ணு இருக்கும்மா. ஆனா அது இங்க இருக்கு" என்று எகிப்து, துருக்கிப் பக்கம் விரலை வைத்தேன்.

அவரும் வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "இதுல மதுரை எங்க?" காட்டினேன். ஒரு விரலை மதுரையிலும் ஒரு விரலை எகிப்திலும் வைத்துக்கொண்டார்.

"இது நமக்கு மேக்கேல்ல இருக்கு?"

"ஆமா."

"மேக்க இருக்கிறதுக்குப் பேரு கிட்டக் கிழக்கு. கிழக்க எட்டு நாள்ல போற ஊருக்குப் பேரு தூரக் கிழக்கு. யாருக்குண்ணே இது கிழக்கு?"

"லண்டன்காரனுக்கு" என்றேன். 

"அப்ப லண்டன்ல உக்காந்து படிக்கிறவுகளுக்காண்ணே நீங்க தமிழ்ல பத்திரிகை போடுறீக?"

நான் எவ்வளவு பெரிய வாயாடி தெரியுமா? கோர்ட்டு வக்கீல்களோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவன். அந்த அம்மாளுக்கு முன்னால் தோற்றுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்றரை வருஷமாக அந்தச் சொல்லை நாளைக்கு நாலு தடவை எழுதியிருக்கிறேன். யாருக்குத் தூரம் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யோசித்ததில்லை.

அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சர்க்கார் அலுவலகத்துக்கு ஓடினேன். மேசைக் குமாஸ்தா, முதல் கட்டு அனுப்பியாயிற்று என்றார். இரண்டாவது கட்டு வெள்ளிக்கிழமையோடு மூடப்படும், அதற்குப் பிறகு உண்டா இல்லையா என்பது மேலிடத்துக்கே தெரியாது என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. "இதுவரைக்கும் யார் யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டேன். வக்கீல் வீடு, டாக்டர் வீடு, பெரிய வியாபாரிகள் வீடு. எல்லாம் இங்கிலீஷ் பத்திரிகை பார்த்து வந்தவர்கள். "உங்க தமிழ்க்காரங்கதான் ஒருத்தரும் வரலியே சார், அங்க உங்களுக்கு ஆளே கிடையாதோ?" என்றார் அவர். எங்கள் பக்கத்துப் பாதிக் கிராமம் அக்கரையில் இருக்கிறது. 

திரும்பி வந்து ஆசிரியரிடம், தூரக் கிழக்கை அக்கரைச் சீமை என்று மாற்றி அறிவிப்பை மறுபடியும் போட வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உலகம் பூரா ஃபார் ஈஸ்ட். நீ யாருய்யா மாத்த? அதுவும் அக்கரைச் சீமைன்னு போடணுமாம். அது என்ன பூகோளமா, சந்தைப் பேச்சா?" என்றார். எனக்கு ஏறிவிட்டது. "பூகோளம் தெரிஞ்சவன் எல்லாம் பாரம் வாங்கிட்டான். தெரியாதவதான் இங்க வந்து உக்காந்திருக்கா" என்று கத்தினேன். அவர் சாப்பாட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் தூங்குவார். அது சத்தியம்.

நான் அச்சுக் கோர்ப்பவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கொட்டை எழுத்துப் பெட்டியை இழுத்துவிட்டார். "சொல்லுங்கண்ணே, வாரது வரட்டும்" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கோர்த்தார்: அக்கரைச் சீமையில் புருஷன், பிள்ளை, அண்ணன், தம்பி இருப்பவர்கள் கவனிக்கவும். பினாங்கு, சிங்கப்பூர், ஈப்போ, கோலாலம்பூர், ரங்கூன், மேடான் என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் சேதி அனுப்பலாம். பூகோளத்துக்கு இருந்த இடத்தில் ஊர்ப் பேர்களாகப் போட்டு நிரப்பினோம். விளாங்குடி அம்மாள் பக்கத்தில் நின்று, "சொரபாயாவையும் போடுங்கண்ணே, எங்க தெருவுல ஒருத்தரு அங்க இருக்காரு" என்றார். போட்டோம்.

வியாழக்கிழமை காலையில் நான் போவதற்குள் சந்து அடைத்துக்கொண்டு ஜனம். வாடிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், டவுனுக்குள்ளேயே இருந்தவர்கள் என்று எல்லாரும் கலந்து நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். சர்க்கார் மேசைக்குப் போகப் பயந்துகொண்டு பத்திரிகை ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தரிடமும் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டேன். "அது நமக்கில்லன்னு நெனச்சோம்" என்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஒருத்தி, "தூரக் கிழக்குன்னா சொர்க்கம் பக்கமோன்னு நெனச்சேன்யா" என்றாள். சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் பத்து மணிக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகையைப் பார்த்தார். இன்றோடு நம் உத்தியோகம் தொலைந்தது என்று நின்றேன். அவர் உள்ளே போய்ப் பேனாவில் மை ஊற்றிக்கொண்டு வந்து, வாசல் படியிலேயே உட்கார்ந்து, "வரிசையா வாங்கம்மா, ஊர் பேரை மட்டும் தெளிவாச் சொல்லுங்க" என்று பாரம் நிரப்ப ஆரம்பித்தார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேருமாகக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு தூரக் கிழக்கு என்ற சொல் எங்கள் பத்திரிகையில் வரவில்லை. தந்தியில் அந்த வார்த்தை வந்தால், எந்த ஊர் என்று தேடிப் பார்த்து ஊர்ப் பேரைப் போடுவேன். இடம் அதிகமாகத்தான் பிடிக்கும்.

பதில் வர ஒன்பது மாசம் ஆயிற்று. விளாங்குடி அம்மாள் பாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார், இங்கிலீஷ் வாசிக்க வேறு யாரிடம் போவார்? பின்பக்கத்தில் நாலு வரி டைப் அடித்திருந்தது. முதலில் மனசுக்குள் வாசித்தேன். வாசித்ததும் அப்படியே மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது.

"என்ன போட்டிருக்கு, சொல்லுங்கண்ணே. நல்லதோ கெட்டதோ."

"சௌக்கியமா இருக்காராம். இங்கே மற்றவர்களுக்கெல்லாம் போன வருஷமே சேதி வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. நீ என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அவ்வளவுதாம்மா."

  "என் தப்புதாம்மா. நான் போட்ட வார்த்தையால வந்தது. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்றே தெரியவில்லை. பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெசினுல்ல அடிச்சிருக்கு. இது அவுகதான் சொன்னதுன்னு எப்பிடித் தெரியும்? அவுகளுக்கு இங்கிலீசு வராது. யாரோ ஒருத்தரு எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சு அனுப்புறாகளோ என்னவோ. ஆளு இருக்காகளா இல்லையா?"

பாரத்தை வாங்கி முத்திரையைப் பார்த்தேன், அதிலிருந்தும் ஒன்றும் விளங்கவில்லை.

"திரும்ப எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதலாம். இருபத்தஞ்சு வார்த்தை. நடந்ததையெல்லாம் சொல்லி, தாமதத்துக்குப் பத்திரிகைதான் காரணம்னு நானே இங்கிலீஷ்ல பக்குவமா எழுதித் தாரேம்மா."

"வேணாம்ண்ணே. நீங்க மாத்தி எழுதுனது போதும்." வெடுக்கென்றுதான் சொன்னார், வாங்கிக்கொண்டேன். "எழுத்து இங்கிலீசா இருக்கணும், அம்புட்டுத்தானே? பேச்சு தமிழா இருக்கட்டும். 'மறக்கல'ன்னு ஒத்த வார்த்தை எழுதுங்க. மிச்சத்தை அவுகளே வச்சுக்கிரட்டும்."

எம், ஏ, ஆர் என்று ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக எழுதினேன். சர்க்கார் மேசையில் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டுப் புருவத்தை நெறித்தார். "என்ன சார் இது, ஊர் பேரா? சங்கேதம் கிங்கேதமா இருந்தா தணிக்கையில என் தலைதான் உருளும்." அவர் வடக்கத்தி ஆள், தமிழ் பேசுவாரே தவிர இங்கிலீஷ் எழுத்தில் வந்த தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. "அந்தம்மா பேரு சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன். முத்திரை குத்தி உள்ளே போட்டார்.

அதற்குப் பதில் வந்தபோது யுத்தம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் படியேறி வந்த வேகத்தில் அச்சுக் கோர்ப்பவர் பயந்து எழுந்துவிட்டார். பாரத்தை என் மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டார். கிட்டத்தில் நிற்கப் பயம் போல. இரண்டே சொல்தான் இருந்தது, அதுவும் டைப்தான், இங்கிலீஷ் எழுத்தில். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். முதல் சொல் உடனே பிடிபட்டது. இரண்டாவதைப் படித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது, அந்நியப் பெண் ஒருத்தரைப் பார்த்து அதை நான் எப்படிச் சொல்வேன்?

"என்னண்ணே முழிக்கிறீக? இல்லையா? போய்ட்டாகளா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லம்மா. தெரியும்னு போட்டிருக்கு. 'தெரியும்.' அதுக்கப்புறம்..." ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதுக்கப்புறம் 'கிறுக்கி'ன்னு இருக்கு."

அந்த அம்மாள் காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. அவரிடம் பேச நான் வாயெடுப்பதற்குள் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அவுகதாண்ணே. என்னைய வேற யாரும் அப்பிடிக் கூப்பிட மாட்டாக. உசுரோடதான் இருக்காக."